காலாண்டு விடுமுறைக்கு ராமேஸ்வரமா, வர்கலாவா? முடிவெடுக்க ஒரு முழு வழிகாட்டி

காலாண்டுத் தேர்வு அட்டவணை வந்த அன்றைக்கே எங்கள் வீட்டில் பேச்சு தொடங்கிவிடும். கடலுக்குத்தான் போக வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு இல்லை. எந்தக் கடல் என்பதில்தான் தகராறு. அத்தைக்கு ராமேஸ்வரம். பெரியவளுக்குக் கேரளத்தின் வர்கலா, அதுவும் அந்தச் செம்பாறை விளிம்பில் உட்கார்ந்து சாயங்காலம் பார்க்க வேண்டும். சின்னவனுக்கு எங்கே தண்ணீரில் இறங்க விடுவார்களோ அந்த இடம். வீட்டுக்காரர் கேட்கிற ஒரே கேள்வி, "கார் நிறுத்த இடம் இருக்கா?"

மதுரையில் இருப்பதால் இரண்டும் எங்களுக்குக் கைக்கெட்டும் தூரம்தான். ராமேஸ்வரம் சுமார் 170 கிலோமீட்டர். வர்கலாவுக்கு ஒரு இரவு ரயில். செப்டம்பர் கடைசி, அக்டோபர் தொடக்கம் என்கிற இதே பருவத்தில் இரண்டு ஊருக்கும் போயிருக்கிறேன், இரண்டிலும் ஒருமுறை சொதப்பியும் இருக்கிறேன். எது அழகு என்று கேட்டால் பதில் கிடைக்காது; இரண்டும் அழகு. வேறு சில கேள்விகளை வரிசையாகக் கேட்டால் பதில் தானாக வரும். அந்த வரிசை முக்கியம். பெரும்பாலானவர்கள் ஹோட்டல் படத்தில் தொடங்குகிறார்கள். நான் தினசரிக் காலண்டரில் தொடங்கச் சொல்வேன்.

முதல் படி: காலண்டரில் அமாவாசையைத் தேடுங்கள்

நான் இதைத் தேடாமல் போனது 2024-இல். அக்டோபர் 2 காந்தி ஜெயந்தி, பிள்ளைகளுக்கும் விடுமுறை, சரி என்று ராமேஸ்வரத்தில் அறை போட்டுவிட்டேன். அன்றைக்கே மகாளய அமாவாசை என்பது எனக்கு உறைக்கவில்லை. அத்தையிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆச்சரியமாக இருக்கட்டும் என்று அவரிடம் கடைசி நாள் வரை மறைத்து வைத்திருந்தேன்!

முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்க ஆடி அமாவாசை, தை அமாவாசை, மகாளய அமாவாசை மூன்றுக்கும் ராமேஸ்வரம் நிரம்பி வழியும். நாங்கள் போய் இறங்கியபோது, அறை போட்டிருந்த லாட்ஜில் "அப்படி ஒரு புக்கிங்கே வரலையேம்மா" என்று கையை விரித்தார்கள். அட்வான்ஸ் அனுப்பிய ரசீதைக் காட்டிய பிறகு, ஐந்து பேருக்கு இரண்டு கட்டில் போட்ட ஓர் உள்ளறை கிடைத்தது. அத்தை மட்டும் அன்று முழுக்கச் சிரித்த முகமாக இருந்தார். கேட்காமலே மகாளய அமாவாசைக்குக் கூட்டி வந்துவிட்டேனாம்.

இந்த அமாவாசை வருஷத்துக்கு வருஷம் நகரும். 2025-இல் செப்டம்பர் 21-ஆம் தேதியே வந்து போய்விட்டது. அதற்கு முந்தைய பதினைந்து நாளும் மகாளய பட்சம், அப்போதும் ஓரளவு கூட்டம் இருக்கும். தர்ப்பணம் கொடுக்க வேண்டிய வீடு என்றால் அந்த நாளுக்கே போங்கள், ஆனால் விடுமுறைக்குப் போகிறோம் என்ற எண்ணத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். மற்றவர்கள் அமாவாசைக்கு இரண்டு நாள் முன்னும் பின்னும் தவிர்த்துவிட்டால் கோயில் பிராகாரத்தில் நிம்மதியாக நடக்கலாம்.

வர்கலாவுக்கும் இதே கணக்கு உண்டு என்பது பலருக்குத் தெரியாது. அங்குள்ள கடற்கரையின் பெயரே பாபநாசம். கேரளத்தில் கர்க்கடக வாவு அன்று முன்னோருக்குப் பிண்டம் வைத்துப் பலியிட அங்கே பெருங்கூட்டம் திரளும். ஆனால் அது நம் ஆடி அமாவாசை நாள், செப்டம்பருக்குள் முடிந்திருக்கும். நீங்கள் பார்க்க வேண்டியது வேறு இரண்டு. ஒன்று, ஓணம். அது ஆகஸ்ட் கடைசியிலோ செப்டம்பரிலோ வரும், அந்தப் பத்து நாளும் கேரளமே ஊர் சுற்றும். இன்னொன்று, செப்டம்பர் 21 வாக்கில் வரும் நாராயண குரு சமாதி நாள். 1928-இல் குரு சமாதியடைந்த சிவகிரி மடம் வர்கலாவில்தான் இருக்கிறது. அன்று கேரளத்தில் அரசு விடுமுறை, மடத்தில் நல்ல கூட்டம். அப்புறம் நவராத்திரி கடைசி நாட்களில் சரஸ்வதி பூஜை விடுமுறை இரண்டு மாநிலத்துக்கும் பொது. அந்த வாரக் கடைசியில் எங்கே போனாலும் விலை ஏறித்தான் இருக்கும்.

இரண்டாம் படி: காற்று எந்தப் பக்கமிருந்து அடிக்கிறது?

முடிவில் பாதியை இந்தக் கேள்வியே தீர்த்துவிடும்.

தென்மேற்குப் பருவமழை ஜூன் 1 வாக்கில் கேரளத்தில் தொடங்கும். செப்டம்பர் 17 வாக்கில் ராஜஸ்தானின் மேற்கு ஓரத்திலிருந்து விலகத் தொடங்கி, நாடு முழுக்க விலகி முடிய அக்டோபர் 15 ஆகிவிடும். நமக்கு மழை தரும் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் 20 வாக்கில் தொடங்கும். வானிலைத் துறை வைத்திருக்கும் சராசரி நாட்கள் இவை. ஒரு வாரம் முன்பின் ஆகும். காலாண்டு விடுமுறை இந்த இரண்டுக்கும் நடுவில் விழுகிறது. கேரளத்தில் மழை இன்னும் போகவில்லை, ராமநாதபுரத்தில் இன்னும் வரவில்லை.

அதனால் ஒரு சொட்டு மழையும் வேண்டாம் என்பவர்களுக்கு ராமேஸ்வரம்தான். தென்மேற்கு மழையை மேற்குத் தொடர்ச்சி மலையே பெரும்பாலும் வாங்கிக்கொள்ளும். ராமநாதபுரம் சீமைக்கு வந்து சேர்வது வெறும் காற்று. அந்த மாவட்டத்தின் பெரும்பகுதி மழை அக்டோபர் முதல் டிசம்பர் வரைதான். இதற்கு விலை வெயில். தனுஷ்கோடி சாலையில் ஒதுங்க ஒரு மரம் கிடையாது. மணலும் தண்ணீரும் இரண்டு பக்கமும் வெயிலை வாங்கி முகத்தில் திருப்பி அடிக்கும். காலை பத்து மணிக்கு மேல் அங்கே சின்னக் குழந்தையோடு நிற்பது தண்டனை.

வர்கலாவில் நேர் எதிர். போன முறை நாங்கள் போன முதல் நாள் மழை விட்டு விட்டுப் பெய்தது. அறையில் உட்கார்ந்து சீட்டு விளையாடினோம். இரண்டாம் நாள் காலை வானம் கழுவித் துடைத்ததுபோல் இருந்தது. மழை முடிகிற சமயம் என்பதால் அந்தச் செம்பாறைச் சுவரின் மேல் புல் பச்சைப்பசேல் என்று தொங்கும், பாறையின் அடியில் ஊற்றுத் தண்ணீர் கசிந்து ஓடும். டிசம்பரில் போகிறவர்களுக்கு இந்தப் பச்சை கிடைக்காது. மழை பிடிக்கும் என்றால் இதைவிட நல்ல நேரம் இல்லை. அக்டோபர் பாதியைத் தாண்டினால் அங்கே கதை மாறும்: காலையில் வெயில், பிற்பகலில் இடியோடு மழை. துலாவர்ஷம் என்பார்கள்.

இது வானத்தின் கதை. கடலின் கதை தனி.

ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். தெற்கே மன்னார் வளைகுடா, வடக்கே பாக் நீரிணைப் பக்கம். ஊர்க்காரர்கள் தெற்கே இருப்பதை ஆண் கடல் என்றும் வடக்கே இருப்பதைப் பெண் கடல் என்றும் சொல்வார்கள். கச்சான் காற்று அடிக்கும் தென்மேற்குப் பருவத்தில் ஆண் கடல் பொங்கும், பெண் கடல் குளம்போல் கிடக்கும். வாடைக்காற்று தொடங்கிய பிறகு இது அப்படியே தலைகீழாகும். காலாண்டு விடுமுறை சமயத்தில் கச்சான் ஓய்ந்துகொண்டிருக்கும், வாடை தொடங்கியிருக்காது. தனுஷ்கோடி சாலையில் காரை நிறுத்திவிட்டு நின்றால் வலது காதில் அலைச் சத்தம் கேட்கும், இடது காதில் ஒன்றும் கேட்காது. எங்கள் சின்னவன் கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சோதனையைப் பத்து முறை செய்து பார்த்தான்.

ஆக, குழந்தைகள் தண்ணீரில் கால் நனைக்க வேண்டும் என்றால் பெண் கடல் பக்கம் போங்கள். அதிலும் மண்டபத்துக்கு முன்னால், பாலம் ஏறுவதற்கு முன்பே வரும் அரியமான் கடற்கரை நல்லது. ஆழம் இல்லாத தண்ணீர், கரையில் சவுக்கு மர நிழல். இறங்கும் முன் அங்கிருக்கும் மீனவர்களிடம் "சொறி இருக்கா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். சொறி என்றால் ஜெல்லி மீன். பட்டால் உடம்பு தடித்து எரியும். அக்னி தீர்த்தத்திலும் அலை கிடையாது, ஆனால் அது நீராடும் இடம், விளையாடும் இடம் அல்ல. விட்டுப்போன துணிகள் காலில் சுற்றும். தனுஷ்கோடி சாலை முடியும் அரிச்சல்முனையில் இறங்கவே கூடாது. இரண்டு கடலும் மோதும் இடம், நீரோட்டம் கண்ணுக்குத் தெரியாது.

வர்கலாவில் செப்டம்பர் கடைசியிலும் அலை பெரிதாகத்தான் இருக்கும். மழைக்காலத்தில் கடல் மணலை அரித்துக்கொண்டு போய்விடுவதால் கடற்கரையும் குறுகியிருக்கும். பாபநாசத்தில் உயிர்காப்பாளர்கள் நிற்கிறார்கள். சிவப்புக் கொடி நட்டிருந்தால் தண்ணீரில் இறங்காதீர்கள். அவர்கள் விசில் ஊதினால் வாதாடாமல் திரும்பிவிடுங்கள். அலைகளுக்கு நடுவே ஓரிடம் மட்டும் அமைதியாக, கொஞ்சம் கறுத்துத் தெரிந்தால் அங்கே இறங்கத் தோன்றும். அதுதான் ஆபத்தான இடம். கரைக்கு வந்த தண்ணீர் திரும்பக் கடலுக்குள் ஓடும் பாதை அது. அதில் மாட்டினால் கரையை நோக்கி நீந்திக் களைத்துப் போகாமல், கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நகர வேண்டும். பெரியவளுக்கு இதைப் படம் போட்டுக் காட்டிய பிறகுதான் தண்ணீருக்கு அனுப்பினேன்.

கேரளக் கரையில் கள்ளக்கடல் என்று ஒன்று உண்டு. எங்கோ தெற்கு இந்தியப் பெருங்கடலில் அடித்த புயலின் அலை, இங்கே காற்றே இல்லாத நாளில் திருடன்போல் வந்து கரையேறும். ஏப்ரல், மே மாதங்களில்தான் அதிகம் என்றாலும், ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் வெளியிடும் எச்சரிக்கையைக் கிளம்பும் முன்தினம் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

மூன்றாம் படி: யார் யார் வருகிறார்கள்?

வீட்டில் எழுபது வயதைத் தாண்டியவர் இருந்தால் மனசு தானாக ராமேஸ்வரத்துக்குச் சாயும். அங்கே அவர்களுக்கு எது சிரமம் என்பதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான் சொல்கிறேன்.

முதலில் அக்னி தீர்த்தத்தில் முழுக்கு. அந்த ஈரத்தோடு கோயிலுக்குள் வந்து 22 தீர்த்தங்கள். மகாலட்சுமி தீர்த்தத்தில் தொடங்கிக் கோடி தீர்த்தத்தில் முடியும். பெரும்பாலும் கிணறுகள். கைப்பிடிச் சுவர் மேல் ஒருவர் நின்றுகொண்டு கயிறு கட்டிய வாளியை உள்ளே விடுவார். வாளி விழும் சத்தம் வருவதற்குள் மேலே இழுத்து, கீழே வரிசையில் நிற்பவர் தலையில் கவிழ்த்துவிட்டு அடுத்த வாளிக்குப் போய்விடுவார். ஒரு கிணற்றுத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், பத்தடி தள்ளி இன்னொன்று வெதுவெதுப்பாக இருக்கும். வாயில் பட்டால் உப்பும் ஒன்றுக்கொன்று மாறும். பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம். ஆனால் 22 கிணற்றுக்கும் இடையே ஓடுகிற தரை முழுக்க ஈரக் கருங்கல். எல்லோரும் வெறுங்காலில், ஈர வேட்டி சேலையோடு, அடுத்த கிணற்றுக்கு அவசரமாக நடப்பார்கள். ஏழாவது கிணற்றருகே அத்தை வழுக்கினார். முன்னால் போன யாரோ ஒருவர் சட்டென்று தோளைப் பிடித்து நிறுத்தியிருக்காவிட்டால் அந்த விடுமுறை ஆஸ்பத்திரியில் முடிந்திருக்கும்.

எனவே வயதானவர்களை அழைத்துப் போனால் ஒருவர் அவர்களுடைய கையைப் பிடித்தபடியே இருக்க வேண்டும், புகைப்பட யோசனையெல்லாம் வேண்டாம் (கைபேசியை உள்ளே விடவும் மாட்டார்கள்). முழங்கால் வலி உள்ளவர்கள் கிணறுகளை விட்டுவிட்டு நேராகத் தரிசனத்துக்குப் போகலாம், தெய்வக் குற்றமில்லை. ஈர உடையோடு சந்நிதிக்குப் போக முடியாது. மாற்று உடை, துண்டு, ஈரத்துணி போட ஒரு பிளாஸ்டிக் பை மூன்றும் கையோடு இருக்கட்டும். நடுப்பகலில் நடை சாத்திவிடுவார்கள், அதற்குள் முடிகிற மாதிரி விடியற்காலையிலேயே தொடங்கிவிடுங்கள். காலை வேளையில் அந்த 1212 தூண்கள் நிற்கும் மூன்றாம் பிராகாரத்தை ஆள் குறைவாக இருக்கும்போது ஒரு சுற்று சுற்றினால் போதும், வந்த களைப்பு தீர்ந்துவிடும்.

வர்கலாவில் முதியவர்களுக்குச் சிரமம் படிக்கட்டு. ஹோட்டல்கள் பாறைக்கு மேலே, கடற்கரை கீழே. ஒருமுறை இறங்கி ஏறினால் மூச்சு வாங்கும். ஜனார்த்தன சுவாமி கோயிலும் மேட்டில்தான், அதற்கும் படி. கைக்குழந்தைக்காரர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: பாறை விளிம்பை ஒட்டிய நடைபாதையில் எல்லா இடத்திலும் தடுப்பு இல்லை. மழை முடிந்த சமயத்தில் விளிம்பு மண் இளகியிருக்கும். செல்பிக்காக ஓரத்துக்குப் போகும் கல்லூரிப் பிள்ளைகளைப் பார்த்தாலே எனக்கு வயிற்றைக் கலக்கும்.

ஆனால் பாபநாசக் கடற்கரையில் அத்தை ரசித்த காட்சி ஒன்று உண்டு. ஒரு பக்கம் வாழையிலையில் எள்ளும் பிண்டமும் வைத்துப் பலியிடுகிற குடும்பம். நூறடி தள்ளி, அலைச்சறுக்குப் பலகையைத் தூக்கிக்கொண்டு ஓடும் வெள்ளைக்காரப் பெண். "ரெண்டும் கடலைக் கும்பிடறதுதானேம்மா" என்றார். அவர் முகம் சுளிப்பாரோ என்று பயந்தது நான்தான்.

நான்காம் படி: எப்படிப் போவது?

ரயில் முன்பதிவு இப்போது 60 நாளுக்கு முன்னால்தான் தொடங்குகிறது. காலாண்டு விடுமுறைக்கு ஜூலைக் கடைசியில் கைபேசியில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

ராமேஸ்வரத்துக்கு 2022 டிசம்பர் முதல் 2025 ஏப்ரல் வரை ரயிலே போகவில்லை. 1914-இல் திறந்த பழைய பாம்பன் பாலத்தை மூடிவிட்டார்கள். 2024-இல் நாங்கள் காரில் போனதற்கு அதுவும் ஒரு காரணம். புதிய பாலம் 2025 ஏப்ரல் 6 அன்று திறந்தது. கப்பல் வந்தால் நடுவிலுள்ள 72.5 மீட்டர்ப் பகுதி லிப்ட்போல அப்படியே செங்குத்தாக மேலே ஏறும். இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமான அந்தப் பயணத்துக்காகவே ரயிலில் போகலாம். ஆனால் ஒரு சூட்சுமம்: சென்னையிலிருந்து வரும் சேது எக்ஸ்பிரஸ் இருட்டிலேயே பாலத்தைக் கடந்துவிடும். அது மதுரை வழியாகவும் வராது. பாலத்தைப் பார்க்க வேண்டும் என்றால் வேறு ரயிலில் மதுரைக்கு வந்து, அங்கிருந்து காலையில் கிளம்பும் பாசஞ்சரில் போங்கள். டெல்டாக்காரர்களுக்குத் திருவாரூர், பட்டுக்கோட்டை வழியாகத் தாம்பரம் – ராமேஸ்வரம் ரயில் இருக்கிறது. காரில் போகிறவர்கள் சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி வேடிக்கை பார்க்க வேண்டாம், போலீஸ் விரட்டும். விரட்டுவது நியாயம்தான்.

வர்கலாவுக்குச் சென்னையிலிருந்து அனந்தபுரி எக்ஸ்பிரஸும் திருவனந்தபுரம் மெயிலும். முதலாவது நாகர்கோவில் வழி, இரண்டாவது பாலக்காடு வழி. மதுரைக்காரர்களுக்குப் புனலூர் எக்ஸ்பிரஸ்: இரவு ஏறிப் படுத்தால் காலையில் வர்கலா சிவகிரி ஸ்டேஷன். நாகர்கோவில் தாண்டி விடியும்போது ஜன்னல் பக்கம் இருங்கள். கார் என்றால் மதுரையிலிருந்து ஒரு முழுப் பகல். நாகர்கோவில் – திருவனந்தபுரம் சாலை நெரிசல் உங்கள் பொறுமையைச் சோதிக்கும். வர்கலாவுக்கு நான் காரைப் பரிந்துரைக்க மாட்டேன். ஊருக்குள் எல்லாம் ஆட்டோ தூரம்தான், ஆட்டோக்காரர்களிடம் தமிழிலேயே பேசலாம்.

ஐந்தாம் படி: எங்கே தங்குவது?

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றிய ரத வீதிகளில் தங்கினால் விடியற்காலை நடந்தே போகலாம். சத்தம் இருக்கும், கார் நிறுத்த இடம் இருக்காது. தங்கச்சிமடம், பாம்பன் பக்கம் தங்கினால் காற்றும் அமைதியும் உண்டு, ஆனால் காலை நான்கு மணிக்கு ஆட்டோ பிடிக்க வேண்டும். பெரியவர்களோடு போனால் முதலாவது, பிள்ளைகளோடு மட்டும் என்றால் இரண்டாவது. எங்கே தங்கினாலும் குளியலறைக் குழாயில் நல்ல தண்ணீர் வருமா, உப்புத் தண்ணீரா என்று போனிலேயே கேளுங்கள். தலைக்குக் குளித்த பிறகு தெரிந்துகொள்ள வேண்டாம். பணம் அனுப்பிய பிறகு ஊருக்குக் கிளம்பும் முந்தைய நாள் ஒருமுறை கூப்பிட்டு உறுதி செய்யுங்கள். ஏன் என்பது மேலே எழுதிய கதையிலேயே இருக்கிறது.

வர்கலாவில் வடக்குப் பாறை என்றால் கடைகளும் உணவகங்களும் பாட்டும். கோயிலை ஒட்டிய தெற்குப் பக்கம் அமைதி. இன்னும் வடக்கே ஓடயம் கரையில் ஆள் குறைவு. நவம்பரில் தொடங்கும் சீசனுக்கு அப்போதுதான் தயாராகிக்கொண்டிருப்பார்கள். சில உணவகங்கள் மூடியிருக்கும், சிலவற்றில் மூங்கில் கட்டிக் கூரை வேய்ந்துகொண்டிருப்பார்கள். இதற்குக் கைமாறாக அறை வாடகை சீசனில் கேட்பதைவிட நன்றாகக் குறையும். இணையத்தில் காட்டும் விலையோடு நிற்காமல் நேராகப் பேசிப் பாருங்கள். "எதிரில் கட்டட வேலை நடக்கிறதா?" என்ற கேள்வியைக் கட்டாயம் கேளுங்கள். எங்கள் அறைக்கு வெளியே இரண்டு நாளும் காலை எட்டு மணிக்கு டைல்ஸ் வெட்டினார்கள்.

ஆறாம் படி: நாட்களைப் பிரிப்பது

ராமேஸ்வரத்துக்கு இரண்டு இரவு போதும். ஒரு விடியற்காலை கோயிலுக்கு, இன்னொரு விடியற்காலை தனுஷ்கோடிக்கு. இந்த இரண்டையும் ஒரே நாளில் திணிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு.

1964 டிசம்பர் 22 இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலும் அதில் இருந்தவர்களோடு கடலில் போனது. அதுவரை சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து, இங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கிக் கொழும்புக்கு ரயில் பிடிப்பார்கள். இடிந்த தேவாலயச் சுவர் இன்னும் நிற்கிறது. பவளப்பாறைக் கல்லால் கட்டியது, கிட்டப் போய்ப் பார்த்தால் கல்லில் பவளத்தின் கோடுகள் தெரியும். முனை வரை தார்ச் சாலை 2017 முதல்தான். அதற்கு முன் மணலில் குலுங்கும் வேனில்தான் போக வேண்டும். சூரியன் உதிக்கும்போது அரிச்சல்முனையில் இருந்துவிட்டு, வெயில் ஏறுவதற்குள் தேவாலயத்தைப் பார்த்து, வழியில் கோதண்டராமர் கோயிலையும் முடித்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுங்கள். மாலையில் போகிறவர்களை ஐந்து மணிக்கு மேல் உள்ளே விடுவதில்லை. பூநாரை பார்க்கலாம் என்று யாராவது ஆசை காட்டினால் நம்ப வேண்டாம், அவை கூட்டமாக வருவது குளிர்காலத்தில்.

மிச்ச நேரத்துக்கு பேய்க்கரும்பில் கலாம் நினைவிடம், தங்கச்சிமடம் அருகே வில்லூண்டி தீர்த்தம். கடலுக்கு நடுவே இருக்கும் அந்தக் கிணற்றில் நல்ல தண்ணீர். சின்னவன் குடித்துப் பார்த்துவிட்டு, சுற்றியிருக்கும் கடலையும் நக்கிப் பார்த்து உறுதி செய்துகொண்டான்.

வர்கலாவுக்கு மூன்று இரவு வேண்டும், ஒன்று மழைக்குப் போய்விடும் என்ற கணக்கில். திட்டம் என்று பெரிதாக எதுவும் வேண்டாம். காலையில் பாறையடியில் நடை, பகலில் சிவகிரி, மாலையில் மேலே உட்கார்ந்து கடலுக்குள் சூரியன் இறங்குவதைப் பார்ப்பது. ஒருநாள் வடக்கே காப்பில் போங்கள். ஒரு பக்கம் காயல், மறு பக்கம் கடல், நடுவில் சாலை. தனுஷ்கோடியைத் தென்னை நட்டுக் குளிர்வித்ததுபோல் இருக்கும். தெற்கே அஞ்சுதெங்குக் கோட்டை, கிழக்கிந்தியக் கம்பெனி கட்டியது. சின்னக் கோட்டைதான், அரை மணி நேரம் போதும்.

சாப்பாட்டைப் பற்றி

ராமேஸ்வரத்தில் கோயிலைச் சுற்றி சைவம், சுமார் ரகம். மீனுக்குத் தனுஷ்கோடிக் குடிசைக் கடைகள்: மசாலா தடவி வைத்திருக்கும் மீனில் நீங்கள் காட்டுவதைப் பொரித்துத் தருவார்கள். பொரிக்கும் முன் விலை கேளுங்கள். வர்கலாவில் பாறை மேல் இருக்கும் உணவகங்களில் வெளிநாட்டு உணவு வகைகள்தான் அதிகம், காசும் அதிகம். ரயில் நிலையம் பக்கம் வந்தால் புட்டு கடலை, கப்பையும் மீன் கறியும் கிடைக்கும். மேற்குக் கரையில் விசைப்படகு மீன்பிடித் தடை ஜூலை 31-உடன் முடிந்துவிடுவதால் செப்டம்பரில் மத்தியும் அயிலையும் புதிதாக வரும். குடம்புளி போட்ட மத்திக் கறிக்காக நான் இன்னொரு முறை மழையில் நனையத் தயார்.

இனி முடிவு

மேலே சொன்னதையெல்லாம் வைத்துப் பார்த்தால், நீந்த வேண்டும் என்பவர்களுக்கு இந்தப் பருவத்தில் இரண்டு ஊருமே சரியில்லை. ஜனவரி வரை பொறுத்து வர்கலா போங்கள். கால் நனைத்தால் போதும் என்கிற சின்னப் பிள்ளைகளோடு என்றால் ராமேஸ்வரம், அரியமானோடு சேர்த்து. அம்மா அப்பாவை அழைத்துப் போக வேண்டும், அமாவாசையும் தள்ளியிருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், ராமேஸ்வரம். கணவன் மனைவி மட்டும், அல்லது பதின்வயதுப் பிள்ளைகளோடு, எங்கேயும் ஓடாமல் உட்கார்ந்திருக்க ஆசை என்றால் வர்கலா. இரண்டே நாள்தான் விடுப்பு என்றாலும் ராமேஸ்வரம்தான், ஏனென்றால் வர்கலாவில் மழைக்கு ஒரு நாளைக் கொடுக்க உங்களிடம் நாள் இருக்காது. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது வானிலைத் துறையின் மாவட்ட எச்சரிக்கையைப் பாருங்கள். வர்கலா இருக்கும் திருவனந்தபுரம் மாவட்டத்துக்கு ஆரஞ்சு எச்சரிக்கை போட்டிருந்தால் தயங்காமல் டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். பிடித்துக்கொள்ளும் காசைவிட ஐந்து பேரை அறைக்குள் அடைத்து வைப்பதன் செலவு அதிகம்.

எங்கள் வீட்டில் இந்த முறை அமாவாசை விடுமுறைக்குப் பிறகு வருகிறது. மதுரை பாசஞ்சரில் ஐந்து பேர், தங்கச்சிமடத்தில் இரண்டு இரவு, புதுப் பாலத்தைப் பகலில் பார்ப்பது என்று முடிவாகிவிட்டது. பெரியவள் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள். அரையாண்டுக்கு வர்கலா என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்ட பிறகுதான் இறங்கி வந்தாள். அந்தத் தாள் பிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறது. அத்தையும் அதில் கையெழுத்துப் போட்டிருக்கிறார், சாட்சியாக.